கரைக்குக் கீழே

டெக்சாஸ் மாநிலத்தின் காலின் கவுண்டியில் தம்பி வாங்கியிருந்த புதுவீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரு மாலை நடையில் அருகிலிருந்த நீண்ட புல்மேட்டின் மீது ஏறினோம். ஏறி நின்றதும் எங்கள் இருவருக்கும் ஒரே சொல்தான் வாயில் வந்தது: கண்மாய்க்கரை. சாத்தூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு வேறெந்தச் சொல் வரும்? காலடியில் இருந்ததும் கரிசலே. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பிக்கொள்ளும் அதே களிமண்.

ஆயினும் அதன் வேலை வேறு. கண்மாய் நீரைத் தேக்கிவைக்கும். இந்தச் சிறு மண்ணணை வெள்ளத்தைத் தாமதப்படுத்தும். உட்புறத்தில் ஒரு குட்டை அளவே நீர். பெருமழை பெய்தால் ஓடைநீர் முழுதும் இங்கே நின்று, குட்டைக்குள் எழுப்பிய கான்கிரீட் கோபுரத்தின் வழியே இறங்கி, கரைக்கடியில் புதைத்த குழாயில் சில நாட்களில் மெல்ல வடியும். அதையும் மீறிய வெள்ளத்துக்குக் கரையோரத்தில் புல் வளர்ந்த கலுங்கு ஒன்று உண்டு. 1944-ஆம் ஆண்டு வெள்ளக்கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதித்த 11 ஆற்றுப்படுகைகளில் டிரினிட்டியும் ஒன்று. அதன் கிளையோடைகளில் இத்தகைய அணைகள் ஏராளம். வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் காக்கக் கட்டியவை. பெரும்பாலும் 50 ஆண்டு ஆயுளை எண்ணிக் கட்டியவை.

"இது 'ஹை ஹஸார்டு' அணைன்னு பதிவாயிருக்கு அண்ணே. வீடு வாங்கின பிறகுதான் தெரிஞ்சது" என்றான் தம்பி.

உயர் அபாயம். அன்றிரவு எங்களுக்குச் சரியான உறக்கமில்லை. கரையில் கசிவோ, எலிவளையோ, மரவேர் பிளந்த வெடிப்போ இருக்கிறதென்றே எண்ணினோம். மறுநாள் மாநிலத்தின் விதிகளை வாசித்தபோது திகைப்பு வேறுவிதமாயிற்று. அணை உடைந்தால் நீர் பாயக்கூடிய பரப்பில் குடியிருப்பே இல்லையெனில் தாழ்ந்த அபாயம். ஓரிரு வீடுகள் இருந்தால் நடுத்தரம். மூன்று வீடுகளோ அதற்கு மேலோ இருந்தால் உயர் அபாயம். கரை உறுதியா, நைந்ததா என்பதற்கு இந்த வகைப்பாட்டில் இடமே இல்லை. அதற்கு ஆய்வும் மதிப்பீடும் தனி.

வகுப்பில் ஆண்டுதோறும் ஆகுபெயர் நடத்துகிறோம். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவது. கீழே வாழ்வோரின் நிலை மேலே நிற்கும் மண்ணுக்குப் பெயராகிவிட்ட ஆகுபெயர் இது. 1960-இல் சுமார் 41,000 பேர் வாழ்ந்த கவுண்டியில், 2020 கணக்கெடுப்பின்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அணை நின்ற இடத்திலேயே நிற்கிறது. வயல் வீட்டுமனையாயிற்று, நம்மவர்களும் பெருமளவில் வந்து குடியேறினார்கள்.

பெயர்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. 1977 நவம்பர் 6 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் என்னும் மண்ணணை பெருமழையில் உடைந்து, கீழிருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேரைக் கொண்டுபோயிற்று. பேரணைகளோடு ஒப்பிட்டால் அதுவும் சிறியதே. வகை உயர்ந்தால் அணை தாங்கவேண்டிய வெள்ளத்தின் அளவும் உயர்கிறது. வயலுக்குப் போதுமாயிருந்த கலுங்கு வீடுகளுக்குப் போதாமல் போகலாம். கரையை உயர்த்தவும் கலுங்கை அகலப்படுத்தவும் நேரலாம். அதற்குப் பணம் வேண்டும். பணம் கிட்டும்வரை கரை பழைய கணக்கிலேயே நிற்கும்.

"வித்துரலாமா அண்ணே?" என்று கேட்டான் தம்பி. என்ன சொல்வது? விற்றால் அந்த வீட்டுக்கு வேறொருவர் வருவார். அணையின் வகை மாறாது. உயர் அபாய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் கட்டாயம் என்று விதி இருப்பதைக் காட்டி, அதை முதலில் கேட்டு வாங்கச் சொன்னோம். நீர் எந்தத் தெருவழி வரும், யார் எச்சரிப்பார்கள், பிள்ளைகளோடு எந்த மேட்டுக்குப் போவது என்பதையேனும் அவன் அறிந்திருக்க வேண்டும்.

புறப்படும் நாளன்று மீண்டும் கரையேறி, கீழே தெரிந்த கூரைகளை எண்ணினோம். ஓடையை ஒட்டி வரிசையாக எண்ணி வந்தபோது தம்பியின் வீடு நான்காவதாக வந்தது. அந்தத் தெருவில் ஒவ்வொருவரும், தமக்கு முன்பே மூன்று வீடுகள் இருந்தன என்றுதான் சொல்வார்கள்.