கடுக்காய் மலையும் பாலாற்றுக் கிணறும்

மழை தொடங்கினால் போதும், 'நோய் எதிர்ப்புச் சக்தி கூட என்ன கஷாயம் குடிக்கலாம்?' என்ற கேள்வி நம் இதழுக்கு வந்துவிடும். இந்த முறை பதிலைத் தேடித் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனேன். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டம். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, ஏலகிரி. மறுபக்கம் பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும், அவற்றின் தோல் தொழிற்சாலைகளும். மலைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடுக்காய்தான் சம்பந்தம்.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு போகும் சாலையில் ஏறினால் சாமைக் கொல்லைகள், நடுநடுவே பலா, புளி, கடுக்காய் மரங்கள். உதிர்ந்த காய்களைப் பொறுக்கிக் காயவைத்து விற்பது மலைவாழ் மக்களுக்கு ஒரு கை வருமானம். வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கிறார்கள். "கொட்டையைத் தட்டி எறிஞ்சிடணும், தோல்தான் மருந்து" என்றார் அங்கே ஒரு பாட்டி. சித்த மருத்துவம் சொல்வதும் அதுவேதான். அந்தத் தோலோடு நெல்லி வற்றலும் தான்றிக்காய்த் தோலும் சேர்ந்தால் திரிபலா.

கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புச் சத்து பச்சைத் தோலிலுள்ள புரதத்தையும் அப்படியே இறுக்கிப் பிடிக்கும். பிறகு தோல் அழுகாது. இந்தியத் தோல் தொழில் வளர்ந்ததே இப்படித்தான். கடுக்காயை விடவும் அதிகம் போனது ஆவாரம்பட்டை. சாலையோரச் செம்மண்ணில் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதே ஆவாரை. அது பூத்திருக்கும் ஊரில் சாவே கிடையாது என்பது பழமொழி. பூ கஷாயத்துக்கு, தழை வயலுக்கு, பட்டை தோலுக்கு என்று முழுச் செடியும் பயன்பட்டது.

பட்டையில் ஊறவைத்துப் பதனிட வாரக்கணக்காகும். குரோமிய உப்பு வந்த பிறகு அது ஓரிரு நாள் வேலையானது. கெடாமலிருக்கத் தோலில் தடவி வரும் கறியுப்பும் கழுவுநீரில் சேர்ந்து ஆற்றுக்கும் நிலத்துக்கும் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனது பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்று மாசு பற்றி இன்னொரு தீர்ப்பு வந்தது. இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டு! இத்தனைக்கும் இந்தத் தொழிலை நம்பித்தான் பல ஆயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஆம்பூர் சாலையில் பார்த்தாலே தெரியும்.

சரி, கஷாயத்துக்கு வருவோம். டெங்கு காலத்தில் அரசு மருத்துவமனைகளில் தரும் நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடி போட்டு, கால் டம்ளராகச் சுண்டக் காய்ச்சுவார்கள். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் ஆவாரம்பூ குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம். காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் கஷாயத்தை நம்பி வீட்டில் படுத்திருக்கக் கூடாது, ரத்தப் பரிசோதனை அவசியம்.

என் கவலை பொடியைப் பற்றியதல்ல, அந்த ஒரு டம்ளர் தண்ணீரைப் பற்றியது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்த உப்பும் குரோமியமும் ஆவியாகிப் போகாது; ஒரு டம்ளரைக் கால் டம்ளராக்கினால் நான்கு மடங்கு அடர்த்தியாக அடியில் நிற்கும். கஷாயமாவது கால் டம்ளர். அதே கிணற்று நீரில்தானே சோறும் குழம்பும் வேகின்றன, மாடும் குடிக்கிறது? பாலாற்றங்கரையில் மூலிகைக்கு முந்தின மருந்து தண்ணீர்தான். குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகள் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, கிணற்று நீரைப் புழக்கத்துக்கு விடலாம். மற்றபடி சாமைச் சோறு, முருங்கைக்கீரை, நாளுக்கொரு நெல்லிக்காய், ஏழு மணி நேரத் தூக்கம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான இரண்டு லிட்டர் கேனை அதே நீரில் மூன்று முறை அலசிப் பிடித்து, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். குரோமியமும் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள்: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை, குரோமியம் 0.05-ஐத் தாண்டக் கூடாது.