இரு கடமைகள்

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதும் உறவினரைப் பேணுவதும் மார்க்கம் நம்மீது விதித்த கடமைகள். 2024 மே மாதத்தில் அவ்விரண்டும் ஒரே ஞாயிறன்று நம் முன் வந்து நின்றன.

கல்லூரித் தோழர் மூவர் சனிக்கிழமையே குடும்பத்தோடு மேட்டூர் வந்துவிட்டனர். அடுப்பு அணையவே இல்லை. கொளத்தூரிலோ, நோயுற்ற முதிய மாமி நம்மை எதிர்பார்த்திருந்தார்கள். எவரைக் காக்க வைப்பது? “உங்கள் மாமி எங்களுக்கும் மாமிதானே!” என்று தோழர்களே சிக்கலை அவிழ்த்தனர்.

போகும் வழியில் சற்று விலகி, பண்ணவாடிப் பரிசல் துறையில் இறங்கினோம். 120 அடி கொள்ளும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் அன்று 60 அடிக்கும் குறைவான நீரே இருந்தது. மூழ்கிக் கிடந்த கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் வெளியே தெரிந்தன. 1934-இல் அணை நிறைவுறுமுன் ஊர்விட்டுப் பெயர்ந்தோரின் அடையாளங்கள் அவை.

கண்டதைச் சொன்னதும் மாமி படுக்கையில் எழுந்து அமர்ந்தார்கள். “எங்கள் அத்தா வீடும் அந்த நீருக்குள்தான் இருக்கிறது. குடிபெயர்ந்து வந்தபோது, புதுக்கூரை போடும்வரை எங்களவர்க்குச் சோறு போட்டவர்கள் உறவினருமல்லர், தெரிந்தவருமல்லர்” என்றார்கள். தோழர்களை உண்ணாமல் எழ விடவில்லை.

இப்போது தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தோழர்கள் முதலில் விசாரிப்பது நம் நலத்தை அன்று, மாமியின் நலத்தையே.