பேஸ் வாசிக்கும் அம்ப்ரோஸ்

வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் கர்ட்லி அம்ப்ரோஸ் பேஸ் கிட்டார் வாசிப்பார் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ட்ரூப்பின் டிரம்ஸ் அண்ணன். கோயில் கொடை ஒன்றில் மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் நம்பவில்லை. ஆறடி ஏழங்குலத்திலிருந்து பந்தை இறக்கிவிட்டு, பேட்ஸ்மேனை ஒரு முறை முறைத்துவிட்டு, வாயே திறக்காமல் திரும்பி நடக்கிற மனுஷனுக்குக் கிட்டார் எதற்கு? “கூட ரிச்சி ரிச்சர்ட்சனும் இருக்காருடா” என்றார். நிஜம்தான். ரிச்சர்ட்சன் ரிதம் கிட்டார், இவர் பேஸ். ஆன்டிகுவாக்காரர்கள் இருவரும் சேர்ந்து வாசித்த ரெக்கே குழுவுக்கு ‘பிக் பேட் டிரெட் அண்ட் தி பால்ட்ஹெட்’ என்று பெயர். 2014இல் இரண்டு பேருக்கும் சர் பட்டமும் வந்தது. எங்கள் ட்ரூப்பில் அதிகபட்சப் பட்டம் கலைமாமணிக்கு விண்ணப்பித்தவர் என்பதுதான்.

அம்ப்ரோஸ் என்றதும் பலர் பெர்த்தைச் சொல்வார்கள். 1993 ஜனவரி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 32 பந்து, ஒரு ரன், ஏழு விக்கெட். எனக்கு நினைவில் நிற்பது பிரிட்ஜ்டவுன். 1997 மார்ச் கடைசி நாள். இந்தியா ஜெயிக்க 120 ரன், கையில் பத்து விக்கெட். பார்படோஸில் காலை பத்து என்றால் நமக்கு ராத்திரி ஏழரை. “சாப்பிட்டுட்டே பாரு, எப்படியும் அடிச்சிருவானுங்க” என்றார் அப்பா. தட்டில் போட்ட சோறு காய்ந்துபோனது. 81க்கு ஆல் அவுட். இரட்டை இலக்கத்தைத் தொட்டவர் லட்சுமணன் மட்டும், 19. பிஷப்புக்கு நான்கு, ரோஸுக்கு மூன்று, அம்ப்ரோஸுக்கு மூன்று. பிட்ச்சில் ஒரு பந்து நெஞ்சுக்கு எகிறும், அதே இடத்தில் விழுகிற அடுத்தது கணுக்காலுக்கு வழுக்கும். அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் படுக்கப் போனார்.

பேசாமல் இருப்பதில் அம்ப்ரோஸ் அப்பாவுக்கும் மேலே. ஆடிய காலத்தில் நிருபர்களுக்குப் பேட்டி கிடையாது. ஓய்வு பெற்றது 2000இல். தன் கதையைப் புத்தகமாகச் சொன்னது 2015இல், அதற்குத் தலைப்பு ‘டைம் டு டாக்’. மகனுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டவர் அம்மா ஹில்லி. ஸ்வீட்ஸ் என்கிற அந்தச் சின்ன ஊரில், மகன் விக்கெட் எடுக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வெளியே வந்து மணியடிப்பாராம். இதைப் படித்த பிறகு பிரிட்ஜ்டவுன் ராத்திரியை நினைத்தால் எனக்கு அந்த மணியும் சேர்ந்துதான் கேட்கிறது. மூன்று முறை அடித்திருப்பார். நம் ஊரில் சோறு காய்ந்துகொண்டிருந்தபோது.

எங்கள் ட்ரூப்பில் நானும் பேஸ்தான். பேஸ்காரனுக்கு மேடையில் இடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில், பாடகிக்குப் பின்னால். வீடியோக்காரர் கேமரா நம் பக்கம் திரும்புவது, நமக்குப் பக்கத்தில் யாராவது மயங்கி விழுந்தால்தான். இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸைத் தனியாகப் பிரித்துக் கேட்பவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கோயில் கொடையில் அவர்கள் வருவதில்லை. எனக்கு அப்போது லீட் கிட்டாருக்குத் தாவிவிட வேண்டும் என்று ஒரே அரிப்பு. அம்ப்ரோஸ் சமாச்சாரம் அந்த நேரத்தில்தான் காதில் விழுந்தது.

98 டெஸ்ட், 405 விக்கெட். எனக்குப் பிடித்த எண் வேறு: ஓவருக்கு 2.30 ரன். அதாவது பன்னிரண்டு வருஷமாக, ஆட்டம் எப்படிப் போனாலும், ஒரே இடத்தில் பந்தைப் போட்டிருக்கிறார். வித்தை காட்டத் தெரியாமல் இல்லை. அந்த உயரத்துக்கு பவுன்சராகவே போட்டுத் தள்ளியிருக்கலாம். கச்சேரியில் நான்கு நிமிஷம் ஒரே ‘டும்... டுடும்’ வாசிக்கும்போது விரல் அரிக்கும், நடுவில் எதையாவது நுழைக்கச் சொல்லும். நுழைக்காமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று வாசிப்பவனுக்குத் தெரியும். அந்த மனிதர் அதை வெயிலில், ஓடிவந்து செய்தார்.

அப்புறம்தான் ரெக்கே கேட்க ஆரம்பித்தேன். அங்கே கதையே வேறு. கிட்டார் எதிர்த்தட்டில் ‘சக் சக்’ என்று வெட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறது, பாட்டை இழுத்துக்கொண்டு போவது பேஸ். பல பாட்டுகளில் முதல் தட்டை வேண்டுமென்றே காலியாக விட்டுவிட்டுத் தாமதமாக வந்து இறங்குகிறது. பின்வரிசை வாத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நம் ஊர் மேடை ஏற்பாடு, அவ்வளவுதான். பேட்டி கொடுக்காத ஆள் போயும் போயும் அந்த இசையில் அதிகம் பேசுகிற வாத்தியத்தைத்தான் எடுத்திருக்கிறார். ரிச்சர்ட்சன் அணிக்குக் கேப்டனாக இருந்தவர். குழுவில் ஓரமாக வெட்டிக்கொண்டு நின்றவர் அவர்.

டிரம்ஸ் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அதுக்காக கரகாட்டப் பாட்டுல முதல் தட்டை விட்ராதடா, அடி வாங்குவோம்” என்றார். விடவில்லை. லீட் கிட்டார் ஆசையும் எப்போது போனது என்று தெரியாமல் போய்விட்டது. சவுண்டு சர்வீஸ் தம்பிகளோடு மட்டும் தகராறு ஓயவில்லை. போன கொடையில்கூட ஒருவன் வந்து, “அண்ணே, பாக்ஸ் அதிருது, பேஸைக் கொறைச்சுக்கவா?” என்றான். குறைக்காதே என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்க் குறைத்தான். அடுத்த பாட்டு தொடங்கியதும் நான் ஆம்பில் ஏற்றிக்கொண்டேன்.