நள்ளிரவில் ஒரு சொட்டு ரத்தம்

நாராணத்துப் பிராந்தன் கதை கேரளத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். சுடுகாட்டில் எதிர்ப்பட்ட காளி வரம் கேட்கச் சொல்கிறாள். ஆயுளில் ஒரு நொடியைக் கூட்டவோ குறைக்கவோ அவளால் ஆகாது என்று தெரிந்ததும், ஒரு காலில் இருக்கும் மந்தை மறு காலுக்கு மாற்றித் தரச் சொல்கிறான். குணப்படுத்தும்படி கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

மந்து என்றால் யானைக்கால். ஆங்கிலேயர்கள் இதற்கு 'கொச்சின் கால்' என்றே பெயர் வைத்தார்கள். ஊருக்கு வேண்டாத பெருமை. மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டைத் தாண்டினால் காரணம் விளங்கும். கல்வத்தி, ராமேஸ்வரம் கால்வாய்களில் நெடுங்காலமாகவே சாக்கடை கலந்து தேங்கி வந்திருக்கிறது. நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ வார்டு கிடைக்காது.

கால் எவ்வளவு பருத்தாலும் கோளாறு தொடங்குவது எலும்பில் அல்ல. ஒட்டுண்ணி எலும்புக்குள் குடியேறுவது அபூர்வம். நாயிடமிருந்து தொற்றும் ஹைடேடிட் கட்டி முதுகெலும்பில் வளர்ந்தால், காசநோய் என்றே டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பதுண்டு. யானைக்கால் புழு தங்குவது நிணநீர்க் குழாய்களில். அதன் குஞ்சுகள் வெளி ரத்தத்துக்கு வருவது இரவு பத்து மணிக்கு மேல், கொசு கடிக்கும் நேரம் பார்த்து. அதனால்தான் சுகாதார ஊழியர்கள் ஊர் அடங்கியபின் கதவைத் தட்டி, விரல் நுனியில் குத்தி, ஸ்லைடில் ரத்தம் எடுத்தார்கள். பகலிலேயே கண்டுபிடிக்கும் அட்டைச் சோதனை பிறகுதான் வந்தது.

தூக்கத்தில் எழுப்பப்பட்டவருக்கோ வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. சிக்கலே இதுதான். மருந்து நன்றாக வேலை செய்வது அவரிடம்தான். டி.இ.சி. மாத்திரை 1947-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2004-ல் அரசு இதை ஆண்டுக்கொரு முறை வீடுவீடாகக் கொடுக்கத் தொடங்கியது. விழுங்கியவருக்குள் குஞ்சுகள் இருந்தால், அவை சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வரலாம். நன்றாக இருந்தவனைப் படுக்க வைத்த மாத்திரை என்று பேச்சு கிளம்ப அது போதும். நோயில்லாதவனிடம் மருந்தை நீட்டுகிற அரசு, அதை விளக்கப் பத்து நிமிஷம் திண்ணையில் உட்காரவும் வேண்டாமா?

கால் பருத்தபின் வருபவரின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகளே தென்படாது. புழு போய்விட்டிருக்கும், அது கெடுத்த குழாய்கள் மட்டும் மிச்சம். வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பின்வரிசை தேடுகிற அவருக்கு டாக்டர்கள் சொல்வது சோப்பும் தண்ணீரும்தான். தினமும் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு வழியே கிருமி புகாவிட்டால், குளிர்காய்ச்சலோடு வரும் அந்த வலி குறையும்.