தம்பிக்கு வேண்டாம் அந்தத் தலைக்கவசம்

மூத்தவனின் சட்டையும் புத்தகமும் இளையவனுக்கு வந்து சேருவது நம் இல்லங்களின் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. சென்ற மாதம் மதரஸாவிலிருந்து திரும்புகையில், சாலைத் திருப்பத்து மணலில் சைக்கிளோடு சறுக்கி விழுந்தான் என் மூத்த பேரன். தலைக்கவசம் தரையில் பலமாக மோதியது; அல்லாஹ்வின் அருளால் தலையில் கீறலும் இல்லை. அக்கவசத்தைத் துடைத்து இளையவனுக்கென எடுத்து வைத்தாள் மருமகள். நான் தடுத்துவிட்டேன். மேலோடு பழுதின்றித் தோன்றலாம். ஆனால், உள்ளிருக்கும் தெர்மோகோல் வகை நுரையே நசுங்கி அடியின் விசையை ஏற்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை காக்காது. சிறியவனுக்குப் புதியதே வாங்கினோம். புருவத்திற்கு மேல் இருவிரல் அளவில் அமர்ந்து, வார் முகவாயின்கீழ் இறுக்கமாக நிற்க வேண்டும். தடித்த தொப்பியின்மேல் அணிந்தால் நழுவும். தொப்பியை மதரஸா வாசலில் அணிந்துகொள்ளட்டும்.