கத்திக்குப் பிடி போடுறது

மலையகத்தைப் பற்றி யார் எழுதினாலும் கொழுந்துக்கூடை வந்துவிடும். கவ்வாத்துக் கத்தி வராது. அந்தக் கத்தியின் பிடியைப் பற்றி எழுதியதை நாங்கள் எங்குமே வாசித்ததில்லை. எங்கள் லயங்களில் அது பெரிய விஷயம்.

தேயிலையை அப்படியே விட்டால் மரமாகிவிடும். அதனால் சில வருடங்களுக்கு ஒருதடவை, நுவரெலியா பக்கத்து உயரமான மலைகளில் நாலைந்து வருடத்துக்கு ஒருதடவை, வெட்டிக் குறுக்குவார்கள். அதுதான் கவ்வாத்து. பெரும்பாலும் ஆம்பிளைகள் செய்கிற வேலை. கிளை சாய்வாக, ஒரே வெட்டில் விழணும். பிளந்தால் தண்ணீர் இறங்கிக் கட்டை உக்கிப்போகும். அதற்குக் கூர் மட்டும் போதாது, கத்தி கையில் திரும்பாமல் நிற்கணும்.

பிடி மெல்லிசாக இருந்தால் விரல் நுனி உள்ளங்கையில் குத்தும். கத்தி சுழலாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கணும், மத்தியானத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். தடிப்பாக இருந்தால் விரல் சுற்றி வராது, மழையில் வழுக்கும். எங்கள் அப்பாமார் இதற்கு அடிமட்டம் எடுப்பதில்லை. பிடித்துப் பார்க்கும்போது நடுவிரல் நுனி பெருவிரலின் அடிமேட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சரி. அமெரிக்காவில் நயோஷ் என்ற தொழில்சுகாதார நிறுவனம் கலிபோர்னியா அரசோடு சேர்ந்து 2004இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி, பலம் போட்டுச் செய்யும் வேலைக்குப் பிடியின் விட்டம் ஒன்றேகால் முதல் இரண்டு அங்குலம் என்கிறது. நடுவில் முக்கால் அங்குலம் கிடக்கிறதே! அதில் எது நம் அளவு என்பதைக் கைதான் சொல்லணும்.

மரம் கொய்யா என்றால் நல்லது. பச்சையாகப் போட்டால் காய்ந்து சுருங்கி ஆட்டம் கொடுக்கும், அதனால் முதலில் நன்றாகக் காயவிடுவார்கள். உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் முட்டை வடிவில் செதுக்கினால் கத்தி கையில் உருளாது, இருட்டில் தொட்டாலும் வாய் எந்தப் பக்கம் என்று தெரியும். அடியில் ஒரு சின்னக் குமிழ் விட்டால் ஈரக் கையிலிருந்து நழுவாது. முதலில் தடிப்பாகவே விட்டு, ரெண்டு நாள் வேலை செய்து பார்த்து, உறுத்துகிற இடத்தை மட்டும் கண்ணாடித் துண்டால் சுரண்டுவார்கள். சுரண்டிக் குறைக்கலாம், குறைத்ததை ஒட்ட முடியாதே. இப்படிப் பழகின கத்தியை யாரும் இரவல் கொடுக்க மாட்டார்கள். அதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை, அடுத்தவர் கைக்கு அது சேராது.

எங்களுக்குக் கோபம் வருகிற இடம் வேறு. இந்தச் செதுக்கல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் நடக்கிறது. அதற்குப் பேர் விழாது. ஒரே அளவுப் பிடியோடு கத்தி கைக்கு வரும், அதைத் தன் கைக்கு ஆக்கிக்கொள்வது தொழிலாளியின் சொந்தப் பாடு. கத்தியைப் பிடியில்லாமல் கொடுத்து, பிடி போட அரைப் பேர் போட்டால் என்ன? சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் கேட்கலாமே என்று ஊரில் சொன்னோம். சிரித்தார்கள். அதில் ஒருத்தர் மட்டும் சிரிக்காமல், வலது கையை விரித்து, சுண்டுவிரலுக்குக் கீழே காய்த்துப்போன இடத்தைக் காட்டி, "இத எந்தக் கணக்குல போடுவாங்க தம்பி?" என்று கேட்டார்.