வியப்பும் விறைப்பும்

ஒரு மொழியின் சொல்லுக்கு இன்னொரு மொழியிலே நேர்ச்சொல் உண்டு என்பது அகராதிகளின் நம்பிக்கை. பரீட்சை மண்டபத்திலும் அலுவலகத்திலும் இந்நம்பிக்கை பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. ஆயின், தாங்கமாட்டாத ஒன்றைத் தாங்கி நிற்கும் மனிதரின் முன்னிலையில், நேர்ச்சொல் எனக் கருதியிருந்ததே பொய்ச்சொல்லாகிவிடுவதும் உண்டு. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 'அஸ்டொனிஷ்மென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லினால் எய்திய அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அவர் 1944இல் பிறந்தவர். தந்தையார் பிரித்தானியக் கடற்படைக்குரிய கப்பற்றுறையிலே தொழிலாளி. ஊரவர் அதனை 'டொக்யாட்' என்பர். உட்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் பெயர்களும், 'ஓவர்டைம்', 'ஸ்டோர்ஸ்', 'கேட் பாஸ்' முதலிய சொற்களும் தந்தையாரோடு மாலைதோறும் வீடு வந்து சேரும். மேலதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வந்து பார்வையிடுவதைத் தந்தையார் 'சர்ப்ரைஸ்' என்றே குறிப்பிடுவார். அச்சொல்லுக்கு இனிய பரிசு என்னும் சாயலும் உண்டென்பதை மகன் பின்னாளில் நூல்களிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1957இல் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. கப்பல்கள் சென்றன, சொற்கள் தங்கின. அச்சொற்களின் வழியே ஆங்கிலத்துள் நுழைந்த மகன் ஆங்கில ஆசிரியரானார்.

வகுப்பறையில் அவர் பெரிதும் விரும்பிக் கற்பித்தவற்றுள் ஒன்று, வியப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு. 'சர்ப்ரைஸ்' என்பது எதிர்பாராத வேளையில் பிடிபடுதல். பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. 'அமேஸ்' என்பது வழிதெரியாச் சுழலில் அகப்பட்டவன் நிலை. சிக்கல்வழியைக் குறிக்கும் 'மேஸ்' அதன் உறவு. 'வொண்டர்' என்பது கண்ட பொருளையும், கண்டவன் உணர்வையும், அதன் பின் அவன் உள்ளத்தில் எழும் வினாவையும் ஒருசேரக் குறிக்கும் பழஞ்சொல். 'அஸ்டொனிஷ்' என்பதற்கு அவர் கரும்பலகையில் எழுதும் பொருள், 'பெரிதும் ஆச்சரியப்படுத்து' என்பதாகும்.

பாடத்தின் முடிவில் ஒரு கதையும் உண்டு. சிலர் அதனைச் சாமுவேல் ஜோன்சன் மீதும், சிலர் நோவா வெப்ஸ்டர் மீதும் ஏற்றிக் கூறுவர். இருவர்க்கும் அது உரியதென்பதற்கு ஆதாரமில்லை. அகராதி செய்த அறிஞர் பணிப்பெண்ணை முத்தமிடும் வேளையில் மனைவி உள்ளே வருகிறாள். 'எனக்குச் சர்ப்ரைஸ்' என்கிறாள். 'பிழை. சர்ப்ரைஸ் எனக்கு; உனக்கு அஸ்டொனிஷ்மென்ட்' என்று அறிஞர் திருத்துகிறார். மாணவர் நகைப்பர். பிடிபட்டவன் ஒருவன், திகைத்தவள் மற்றொருத்தி என்ற வேறுபாடு அந்நகைப்போடு அவர்கள் மனத்தில் பதியும். சொற்களின் எல்லைகளைத் தாம் நன்கறிந்தவர் என்னும் எண்ணம் ஆசிரியருக்கும் இருந்தது. அவ்வெண்ணத்தைக் கலைத்தது 2005ஆம் ஆண்டின் தை மாதம்.

அதற்குச் சில வாரங்களின் முன்னர், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. திருகோணமலை மாவட்டத்திலே கிண்ணியாவும் மூதூரும் நிலாவெளியும் பேரழிவுக்குள்ளாயின. உதவிபுரியவும் செய்தி திரட்டவும் பிறநாட்டார் பலர் வந்தனர். ஆங்கிலமும் தமிழும் ஒருங்கறிந்தோர் தேவைப்பட்டனர். ஓய்விலிருந்த ஆசிரியர் மொழிபெயர்ப்பாளராகச் சென்றார்.

பாடசாலைக் கட்டடமொன்றில் இயங்கிய நலன்புரி நிலையத்தில், கொட்டியாரக் குடாக் கரையைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தாள். அவளுடைய சிறுமகளைக் கடல் கொண்டிருந்தது. வந்திருந்த வெளிநாட்டவர் தீயவர் அல்லர். மெல்லிய குரலிலேயே பேசினார். கடல் ஊருக்குள் வருவதைக் கண்டபோது அவள் எந்த அளவுக்கு 'அஸ்டொனிஷ்ட்' ஆனாள் என்று அறிய விரும்பினார். ஆசிரியர் தம் நாவுக்குப் பழகிய நேர்ச்சொல்லையே எடுத்தார்.

"கடல் வாறதைக் கண்டு ஆச்சரியப்பட்டீங்களா, தங்கச்சி?"

அவள் உடனே விடை கூறவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆச்சரியப்படுறதுக்கு அது என்ன கோயில் தேரா, மாஸ்டர்?"

சிறிது நேரங் கழித்து அவளே தொடர்ந்தாள்: "நான் விறைச்சுப் போயிட்டன். காலும் வரல்ல, குரலும் வரல்ல. பிள்ளையின்ட கை என்ட கைக்குள்ள இருந்தது. அது எப்ப இல்லாமப் போனதெண்டும் தெரியல்ல."

வெளிநாட்டவர் எழுதுகோலுடன் காத்திருந்தார். ஆசிரியர் கூறியது ஒரே வாக்கியம்: அவள் மிகவும் 'சர்ப்ரைஸ்ட்' ஆனாள் என்பதே அது. கையைப் பற்றிய கூற்றை அவர் மொழிபெயர்க்கவில்லை. மறைக்க வேண்டும் என்று எண்ணி மறைத்தாரல்லர். அவ்வேளையில் நா எழவில்லை. அந்த ஒற்றை வாக்கியம் குறிப்பேட்டில் ஏறியது.

அன்றிரவு அவர் பேரகராதியை எடுத்தார். தாம் ஆண்டுதோறும் கற்பித்த சொல்லின் பிறப்பை அன்றுதான் ஊன்றிப் படித்தார். இலத்தீனில் இடிமுழங்குதலைக் குறிக்கும் வினை 'தொனாரே'. அதனடியாகப் பழைய பிரெஞ்சு வழி வந்தது 'அஸ்டொனிஷ்'. அடித்து உணர்விழக்கச் செய்தலைக் குறிக்கும் 'ஸ்டன்' என்பதும் அக்குடும்பத்ததே. ஆதியில் 'அஸ்டொனிஷ்ட்' என்றால் இடியால் தாக்குண்டாற்போல் உணர்வு மரத்தவன், உறுப்புக்கள் செயலற்றவன் என்றே பொருள். 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தில், இடியால் வீழ்த்தப்பட்டு நெருப்புப் பொய்கையிற் கிடக்கும் வானவரின் நிலையைக் குறிக்க மில்டன் இச்சொல்லையே ஆண்டார். அங்கே வியப்புமில்லை, மகிழ்வுமில்லை. வீழ்ச்சியும் மரப்புமே உள.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் அதே சொல் விருந்தினர் அறைக்குள் வந்து அமர்ந்துகொண்டது. 1813இல் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் 'பெருமிதமும் முற்சாய்வும்' என்னும் நாவலில், சற்றும் எதிர்பாராத ஒருவன் மணம்பேச வந்ததும் கதைத்தலைவி அடையும் உணர்வு 'அஸ்டொனிஷ்மென்ட்' ஆகிறது. இடி அடங்கிவிட்டது, முகம் சிவத்தல் எஞ்சியது. அந்நாவலாசிரியையின் உடன்பிறந்தாரான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852இல் பர்மாவிற் காலமாகித் திருகோணமலையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டவர். அக்கல்லறைத் தோட்டத்தைக் கடந்தே ஆசிரியர் பலகாலும் நடந்திருக்கிறார். அவர் கற்பித்ததும் ஒஸ்ரினின் ஆங்கிலமே; மில்டனின் இடி அவருடைய கரும்பலகைக்கு எட்டியதில்லை.

இந்த வேறுபாட்டைத் தமிழ் எவ்வாறு கண்டது என்பது அடுத்து அவர் முன் எழுந்த வினா. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது மருட்கையையும் அச்சத்தையும் வேறுவேறாக வைத்தார். மருட்கை பிறக்கும் நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றைக் கூறினார். முன் காணாதது, அளவிற் பெரியது, அளவிற் சிறியது, ஒன்று மற்றொன்றாய்த் திரிவது என இவற்றை விளக்கலாம். ஊருக்குள் வந்த கடலிலே புதுமையும் பெருமையும் திரிபும் ஒருங்கே இருந்தன. இலக்கணம் நோக்கின் அதனை மருட்கை எனலாம். ஆயினும், மருட்கைக்குக் காண்பவன் ஒருவன் வேண்டும். காணப்படுவது அவனுக்கு அப்பால் நிற்றலும் வேண்டும்.

வியத்தல் என்னும் சொல்லும் இதனையே உணர்த்துகின்றது. கணியன் பூங்குன்றனார் பெரியோரைக் கண்டு வியப்பதையும் விலக்கினார். தன்னைத் தானே வியத்தலைத் திருக்குறள் குற்றமாகக் கொண்டது. இவ்விடங்களில் வியத்தல் என்பது வெறும் உணர்ச்சி அன்று. ஒன்றை நோக்கி, அளந்து, உயர்த்தி மதிக்கும் செயல். மதிப்பதற்கு ஒரு தூரம் வேண்டும். தேரோட்டத்தைக் காண்பவன் வீதியோரத்தில் நிற்கிறான். ஆதலால் அவனுக்கு ஆச்சரியம் இயலும். தேர்ச்சில்லின் கீழ் நிற்பவனுக்கு அஃது இயலாது. அத்தாய் கோயில் தேரை எடுத்துக் கூறியபோது, வியப்பின் இலக்கணம் முழுவதையும் ஒரே வினாவில் உரைத்துவிட்டாள் என்பதை ஆசிரியர் அப்பொழுதுதான் உணர்ந்தார்.

அவ்வாறாயின் அவள் நிலைக்குத் தமிழில் உரிய சொல் யாது? 'இடி கேட்ட நாகம்போல' என்னும் உவமையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். படமெடுத்து ஆட வேண்டிய நாகம் இடியோசையால் ஒடுங்கிவிடுகிறது. ஆங்கிலச் சொல் தன் வேரில் ஒளித்துவைத்திருந்த இடியைத் தமிழ் உவமையாக வெளிப்படையாகவே வைத்திருந்தது. அவ்வொடுக்கத்துக்கு ஊர்மக்கள் வழங்கும் பெயர் விறைத்தல். குளிரால் விரல் மரத்துப்போவதற்கும் அதுவே சொல். பேரிடரால் உயிர் மரத்துப்போவதற்கும் அதுவே சொல்.

அச்சொல்லை அவர் முதன்முதற் கேட்டது நலன்புரி நிலையத்திலும் அன்று. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றி எரிந்தது. மகன் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த அதனைத் தந்தையார் பலமுறை கூறியிருக்கிறார். குண்டுகளின் எண்ணிக்கையோ கப்பல்களின் சேதமோ அவர் பேச்சில் இடம்பெறுவதில்லை. ஓசை எழுந்தபின் ஓடவேண்டிய கால்கள் ஓடாமல் நின்ற சிறுபொழுதையே அவர் சொல்வார். அதற்கு அவர் வழங்கிய சொல் 'விறைச்சுப் போனம்' என்பதே. டொக்யாட்டின் ஆங்கிலத்தைத் தந்தையிடமிருந்து விருப்போடு ஏற்றுக்கொண்ட மகன், தந்தையின் தமிழைச் சொல்லாராய்ச்சிக்கு உரியதெனக் கருதாது விட்டிருந்தார்.

மொழிபெயர்ப்பு என்பது சொற்களை நிறுத்து மாற்றும் வாணிகம் அன்று. கேட்பவர் எங்கே நிற்கிறார், கேட்கப்படுபவர் எங்கே நின்றார் என்பதை அறியாதவன் எத்துணைச் சொற்களை அறிந்தும் பயனில்லை. நம் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புப் பயில்வோர் கலைச்சொற் பட்டியல்களோடு அமையாது, துயருற்ற மக்கள் தம் நிலையைத் தாமே எச்சொல்லால் கூறுகின்றனர் என்பதற்கும் செவிகொடுத்தல் வேண்டும்.

சில நாட்களின் பின் ஆசிரியர் அத்தாயிடம் மீண்டுஞ் சென்றார்.

"அண்டைக்கு நான் கேட்டது பிழை, தங்கச்சி."

"நீங்க என்ன செய்வீங்க, மாஸ்டர்? அவர் கேட்டதத்தானே கேட்டீங்க."

"இல்ல. அவர் கேட்டது வேற. நான் போட்ட சொல் வேற."

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "நான் பிள்ளையின்ட கையைப் பத்திச் சொன்னத அவரிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

பொய்யுரைத்து ஆறுதல் கூற அவருக்கு வழியிருந்தது. "சொல்லேல்ல" என்றார்.

"அதையும் எழுதச் சொல்லுங்க."

அன்றிரவே அவர் வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அவள் கூறிய நான்கு வாக்கியங்களையும் கூட்டாமலும் குறைக்காமலும் அதில் அமைத்தார். காலும் குரலும் வாராத நிலையைக் கூறுமிடத்தில் 'அஸ்டொனிஷ்ட்' என்னுஞ் சொல்லை இட்டு, அதன் கீழே கோடிட்டார். இக்காலப் பொருளில் அன்று, மில்டன் காலத்துப் பொருளில் இதனைக் கொள்க என்று ஓரத்திலே குறித்தார்.